ஒன்றுமில்லாத தண்ணீர்

கலாமாவில் மழை பெய்த நாட்களை
விரல்விட்டு எண்ணிவிடலாம்.
யெர்கோவின் மூச்சு நின்ற இரவுகளை எண்ண முடியாது.
பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று
இருட்டில் விநாடிகளை முணுமுணுத்துவிட்டு
விலாவில் ஓர் இடி இடிப்பேன்.
குழியிலிருந்து ஏறி வந்தவன்போல
ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு
மறுபடியும் இறங்கிப் போய்விடுவான்.

இப்போது எண்ணுவது இயந்திரம்.
ஷூ பெட்டி அளவுதான்.
மூக்குக்கு ஒரு குழாய்,
காற்றை நனைக்க ஒரு சின்னத் தொட்டி.
தொட்டிக்கு ஒரே பிடிவாதம்:
காய்ச்சி வடித்த தண்ணீர்.

செவ்வாய் மாலை கேன் காலி.
மருந்துக் கடையில் மகாலி கையை விரித்தாள்.
"லாரி வரவில்லை, நொல்ஃபா. வெள்ளிக்கிழமை பாருங்கள்."

"குழாய்த் தண்ணீரை ஊற்றேன்" என்றான் யெர்கோ.
நான் பதில் சொல்லவில்லை.
கெட்டிலைக் கவிழ்த்துக் காட்டினேன்.
அடியில் முட்டையோட்டுத் தடிமனுக்குச் சுண்ணாம்பு.
மலையிறங்கும் வழியில்
ஒவ்வொரு கல்லையும் நலம் விசாரித்துவிட்டு
வருகிற தண்ணீர் இது.

"சரி, கொதிக்க வை."
கொதித்தால் கிருமி சாகும்.
கல் சாகுமா?
நீர் வற்ற வற்ற அது இன்னும் இறுகத்தான் செய்யும்.

ஃப்ரிட்ஜில் ஒரு பாட்டில் இருந்தது.
கால்சியம் இவ்வளவு, மெக்னீசியம் இவ்வளவு என்று
லேபிளில் பெருமை.
குடிக்கிறவனுக்குப் பெருமை, தொட்டிக்குப் பொருக்கு.

அப்போதுதான் அவன் எழுந்து
காரேஜுக்குப் போனான்.
முப்பத்தோரு வருடம் தாமிரச் சுரங்கத்தில்
வீட்டைவிடப் பெரிய லாரியை ஓட்டியவன்.
திரும்பும்போது கையில் நீலக் கேன்,
முகத்தில் பரீட்சையில் தேறிய களை.
"பேட்டரித் தண்ணீர். உப்பே கிடையாது.
எத்தனை வண்டிக்கு ஊற்றியிருக்கிறேன்!
ஒன்றாவது இருமியிருக்கிறதா?"

"வண்டிக்கு நுரையீரல் இல்லை, யெர்கோ."

கேனின் பின்பக்கப் பொடி எழுத்தை
கண்ணாடி போட்டு வாசித்தேன்:
மனிதர் உபயோகத்துக்கு அல்ல.
உப்பு இல்லை என்கிறான், சரி.
வேறென்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்?
அவனுக்கு நிஜமாகவே மனம் நொந்துவிட்டது.
கேனை மடியில் வைத்துக்கொண்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

பத்து மணிக்கு அவன் தங்கை ஒதில்யா வந்தாள்.
கன்னி மரியாள் வடிவில் பிளாஸ்டிக் சீசா,
திருகினால் கிரீடம் கழன்று வரும்.
அய்க்கினா கோயில் தீர்த்தம்.
யாரும் சிரிக்கவில்லை.
தலைமாட்டில் வைத்தோம்.
தொட்டியில் ஊற்றவில்லை.

கேஸ் ரசீதுகளுக்கு அடியில் கிடந்தது
இயந்திரத்தோடு வந்த சிறு புத்தகம்.
தண்ணீர் இல்லாமலும் ஓடுமாம்.
ஈரத்தை அணைத்துவிட்டால் போதுமாம்.
இத்தனை சண்டைக்கும் விடை
ஒரு பொத்தானில் இருந்திருக்கிறது.

அன்றிரவு பாலைவனம்
அப்படியே அவன் மூக்கில் புகுந்தது.
இரண்டு முறை விழித்துத் திட்டினான்,
நாக்கு உப்புத்தாளாகிவிட்டது என்று.
திட்டட்டும்.
திட்டுவதற்கு மூச்சு வேண்டுமே.
நான் பழக்கதோஷத்தில் எண்ணக் காத்திருந்தேன்.
ஒன்றுக்கு மேல் போகவில்லை.

வெள்ளிக்கிழமை கேன் வந்தது.
விரலில் ஒரு சொட்டு தொட்டு நாக்கில் வைத்தேன்.
ஆறு இல்லை, மலை இல்லை,
குழாயின் துருகூட இல்லை.
தண்ணீரில் என்ன இருக்கிறது என்று
ஊரே முனிசிபாலிட்டியில் கத்திக்கொண்டிருக்க,
ஒன்றுமே இல்லாததற்கு
நான் காசு எண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

காலையில் தொட்டியைக் கழுவிக் கவிழ்ப்பது என் வேலை.
மீந்த நீரை சிங்க்கில் கொட்ட
இந்த ஊரில் யாருக்குக் கை வரும்?
யெர்கோ அதை ஜெரேனியத்துக்கு ஊற்றுகிறான்.
செடி ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று காரேஜில் விளக்குமாறு தேடியபோது பார்த்தேன்.
நீலக் கேன் பழைய இடத்தில்.
அதன்மேல் கறுப்பு மார்க்கரில், கோணல்மாணலாக,
அவன் கையெழுத்து:
நுரையீரல் இல்லாதவர்களுக்கு மட்டும்.